வெட்டி ஒட்டினால்தான் உயிர்!

*கிருமியைப் பிடிக்கும் ஆன்டிபாடிக்கான மரபணு, பிறக்கும்போது நம்மிடம் முழுசாக இருப்பதில்லை. உடலே துண்டுகளைத் தேடி எடுத்து, வெட்டி, ஒட்டி முடிக்கிறது. அந்த வேலை நின்றுபோனால் குழந்தை சாகும். தவறிப்போனால் புற்றுநோய் வரும்.*

அமெரிக்கத் தலைநகர் வாஷிங்டன். வால்டர் ரீட் ராணுவ மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவு. 1950-களின் தொடக்கம். எட்டு வயதுப் பையன் ஒருவனை மறுபடியும் காய்ச்சலோடு கொண்டுவந்திருக்கிறார்கள். நான்கு ஆண்டுகளில் 19 முறை அவன் ரத்தத்தில் கிருமி ஏறியிருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஆன்டிபயாடிக் காப்பாற்றிவிடும்; வீட்டுக்குப் போவான்; கொஞ்ச நாளில் உடம்பு கொதிக்கத் திரும்பி வருவான்.

அவனுக்கு வைத்தியம் பார்த்தவர் கர்னல் ஆக்டன் புரூட்டன். மீண்டும் மீண்டும் வருவது நிமோகாக்கஸ் கிருமிதான் என்று தெரிந்ததும், அதற்கான தடுப்பூசியைப் போட்டுப் பார்த்தார். பையனின் ரத்தத்தில் எதிர்ப்பு துளியும் உண்டாகவில்லை. பிறகு அவனது சீரத்தை, மின்சாரம் பாய்ச்சிப் புரதங்களைப் பிரித்துக் காட்டும் கருவியில் வைத்தார்கள். எல்லோருக்கும் அதில் ஒரே மாதிரி கோடு வரும். முதலில் ஆல்புமினின் உயர்ந்த சிகரம், அடுத்து ஆல்ஃபா, பீட்டா என்று சின்னச் சின்ன மேடுகள், கடைசியில் காமா குளோபுலினின் அகலமான மேடு. இந்தப் பையனின் தாளில் கடைசி மேடு இல்லை. அது எழும்ப வேண்டிய இடத்தில் கோடு தட்டையாகப் படுத்திருந்தது.

ஆன்டிபாடிகள் பெரும்பாலும் இருப்பது அந்தக் கடைசி மேட்டில்தான். அடுத்தவர்களின் ரத்தத்திலிருந்து பிரித்த காமா குளோபுலினை மாதாமாதம் ஊசியாக ஏற்ற ஆரம்பித்தார் புரூட்டன். ரத்தத்தில் கிருமி ஏறுவது நின்றது. 1952-ல் 'பீடியாட்ரிக்ஸ்' இதழில் அவர் இதை எழுதினார். பிறவியிலேயே நோயெதிர்ப்பு இல்லாமல் போகும் நோய்களைப் பற்றிய மருத்துவத் துறை ஒன்று அந்தக் கட்டுரையிலிருந்து தொடங்கியது. ஆனால் அந்தப் பையனுக்கு ஏன் மேடு எழும்பவில்லை என்பதற்கு விடை கிடைக்க மேலும் 41 ஆண்டுகள் ஆயின. காரணம், ஆன்டிபாடி எப்படி உருவாகிறது என்பதே அன்று யாருக்கும் தெரியாது.

கொரோனா வந்த பிறகு 'ஆன்டிபாடி' நம் வீட்டுக் கூடத்திலும் புழங்கும் சொல்லாகிவிட்டது. இம்யூனிட்டியைக் கூட்டுகிறேன் என்று விற்கப்படும் பொடிகளுக்கும் குறைவில்லை. அந்த ஆன்டிபாடியை எழுதும் மரபணுக்களைப் பற்றி மட்டும் நாம் பேசியதே இல்லை. பேசியிருந்தால், இன்று நம்மூர் ஆஸ்பத்திரிகளில் காரணம் தெரியாமல் படுத்திருக்கும் சில பிள்ளைகளின் ஃபைலில் வேறொரு வரி எழுதப்பட்டிருக்கும்.

பாசல் நகரத்து விடை

புரதம் செய்யச் சொல்லும் மரபணுக்கள் நம்மிடம் சுமார் 20,000. உடல் செய்யக்கூடிய ஆன்டிபாடி வகைகளோ கோடி கோடி. இதுவரை உலகில் இல்லாத ஒரு வைரஸ் நாளை முளைத்தாலும், அதைப் பற்றிக்கொள்ளும் ஆன்டிபாடி ஒன்று நமக்குள் உருவாகிவிடும். ஒரு புரதத்துக்கு ஒரு மரபணு என்று வைத்தால் இந்தக் கணக்கு உதைக்கிறது. 1965-ல் அமெரிக்காவின் டிரையர், பென்னட் என்ற இருவர், ஒரே சங்கிலிப் புரதத்தை இரண்டு மரபணுக்கள் சேர்ந்து எழுதுகின்றன என்று ஓர் ஊகத்தைச் சொன்னார்கள். பலரால் அதை ஏற்க முடியவில்லை. உடலின் எல்லாச் செல்லிலும் டி.என்.ஏ. ஒன்றே, அது மாறாது என்பது அன்றைய பாலபாடம்.

அதை உடைத்தவர் ஜப்பானின் நகோயாவில் பிறந்த சுசுமு டோனெகாவா. அமெரிக்காவில் தங்க விசா முடிந்துவிட, 1971-ல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரிலிருந்த நோயெதிர்ப்பு ஆய்வு நிறுவனத்துக்கு வந்தார். நோயெதிர்ப்பியல் அவர் படித்த துறை அல்ல. அவர் மூலக்கூறு உயிரியல்காரர். எலிக் கருவிலிருந்து டி.என்.ஏ. எடுத்தார். ஆன்டிபாடியைச் சுரந்து தள்ளும் எலிக் கட்டியிலிருந்தும் எடுத்தார். இரண்டையும் ஒரே நொதியால் நறுக்கிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். கருவில் இரண்டு தனித்தனித் துண்டுகளில் கிடந்த ஆன்டிபாடி மரபணுவின் பகுதிகள், கட்டியின் செல்லில் ஒரே துண்டில் இருந்தன. நடுவில் இருந்த டி.என்.ஏ. அகன்று, தூரத்தில் இருந்தவை பக்கத்தில் வந்திருந்தன. 1976-ல் நொபுமிச்சி ஹோசுமியுடன் சேர்ந்து இதை வெளியிட்டார். 1987-ம் ஆண்டின் மருத்துவ நோபல் பரிசு அவர் ஒருவருக்கே போனது.

எலும்பு மஜ்ஜையில் பிறந்து ஆன்டிபாடி செய்யும் பி செல் ஒவ்வொன்றும் இந்த வேலையைச் செய்கிறது. வி, டி, ஜே என்று மூன்று வகைத் துண்டுகள் குரோமோசோமில் வரிசையாகக் கிடக்கின்றன. ஒவ்வொரு வரிசையிலிருந்தும் ஒன்று. தமிழில் 12 உயிரும் 18 மெய்யும் கூடி 216 உயிர்மெய் ஆவதுபோல, கொஞ்சம் துண்டுகளே கூடிப் பெருகுகின்றன. வெட்டும் வேலை ராக்-1, ராக்-2 என்ற இரண்டு புரதங்களுடையது. வெட்டிய முனைகளை ஒட்டும்போது வேறொரு நொதி நடுவில் தன் போக்கில் சில டி.என்.ஏ. எழுத்துகளைச் சேர்க்கிறது. அந்த எழுத்துகள் அப்பாவிடமும் இல்லை, அம்மாவிடமும் இல்லை. ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர்களுக்கும் ஆன்டிபாடிகள் வேறு வேறாக இருப்பது இதனால்தான்.

இது முதல் கட்டம். இரண்டாம் கட்டம் கிருமி வந்த பிறகு. தொண்டை வலிக்கும்போது கழுத்தில் நெறி கட்டியிருக்கிறது என்போமே, அந்த நெறிக்குள் பி செல்கள் தங்கள் ஆன்டிபாடி மரபணுவில் வேண்டுமென்றே பிழைகளை உண்டாக்கிக்கொண்டிருக்கின்றன. மற்ற மரபணுக்களில் நடப்பதைவிடச் சுமார் பத்து லட்சம் மடங்கு வேகம். கிருமியை இன்னும் இறுக்கமாகப் பிடிக்கும் பிழை பிழைத்துக்கொள்ளும். மற்ற செல்கள் மடியும். இதைச் செய்யும் ஏ.ஐ.டி. என்ற நொதியைக் கண்டுபிடித்தது கியோட்டோவில் இருந்த தசுகு ஹோஞ்சோவின் குழு. 'எம்' வகை ஆன்டிபாடி 'ஜி' வகையாக மாறுவதும் அதே நொதியின் வேலை. அந்த நொதி பிறவியில் பழுதானவர்களுக்கு 'எம்' குவியும், 'ஜி' வராது, சீழ்க் கிருமிகள் விடாது.

தன் டி.என்.ஏ.வைத் தானே வெட்டிக்கொள்ளும் துணிச்சலை உடலுக்கு யார் கொடுத்தது? ராக் மரபணுக்கள், சுமார் 50 கோடி ஆண்டுகளுக்கு முன் நம் மூதாதை மீன்களின் டி.என்.ஏ.வுக்குள் புகுந்த தாவும் மரபணு ஒன்றின் மிச்சம் என்பதே இன்று வலுவாக நிற்கும் விளக்கம். சுறாவுக்கு இந்த ஏற்பாடு உண்டு. தாடை தோன்றுவதற்கு முந்தைய மீன் வகையில் இல்லை.

---
கணக்குப் பெட்டி

ஆன்டிபாடியின் இரு வகைச் சங்கிலிகளில், கனச் சங்கிலி மரபணுக்கள் இருப்பது 14-வது குரோமோசோமில்: வேலை செய்யும் வி துண்டுகள் சுமார் 40, டி 23, ஜே 6.

டி துண்டு இல்லாத லேசான சங்கிலிகளில் கப்பா 2-வது குரோமோசோமில்: வி சுமார் 40, ஜே 5. லாம்டா 22-வது குரோமோசோமில்: வி சுமார் 30, ஜே 4 அல்லது 5.

துண்டுகளைச் சேர்ப்பதால் மட்டும் கிடைக்கும் ஜோடிகள் சுமார் 18 லட்சம். ஒட்டுமிடத்தில் எழுத்துகள் கூடிக் குறைவதையும் சேர்த்தால் லட்சம் கோடியைத் தாண்டும்.

'ஜி' வகை ஆன்டிபாடி ரத்தத்தில் பாதியாகக் குறையச் சுமார் 21 நாள்.

---

ஆறு மாதத்துக்குப் பிறகு

புரூட்டனின் நோயாளிக்கு என்ன குறை என்பது 1993-ல் தெரிந்தது. இரண்டு ஆய்வுக் குழுக்கள் தனித்தனியாக ஒரே மரபணுவைச் சென்றடைந்தன. எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் அதற்குப் புரூட்டனின் பெயரையே வைத்தார்கள், சுருக்கமாக பி.டி.கே. கனச் சங்கிலியை வெட்டி ஒட்டி முடித்த பி செல்லுக்கு 'மேலே போ' என்று சொல்லும் சமிக்ஞை இந்தப் புரதம் வழியாகத்தான் போகிறது. அது இல்லாவிட்டால் செல் மஜ்ஜையிலேயே நின்று மடியும். ரத்தத்தில் பி செல்லே இருக்காது.

குழந்தை பிறந்ததும் ஒன்றும் தெரியாது. கர்ப்பத்தின் கடைசி மாதங்களில் அம்மாவின் 'ஜி' ஆன்டிபாடிகள் நச்சுக்கொடி வழியாக இறங்கியிருக்கும். அந்தக் கையிருப்பு மூன்று வாரத்துக்கொரு முறை பாதியாகக் கரையும். ஆறு மாதத்தை ஒட்டித் தொல்லை ஆரம்பிக்கும். காதில் சீழ், நிமோனியா, நிற்காத வயிற்றுப்போக்கு, சில பிள்ளைகளுக்கு மூட்டு வீக்கம். நடுவில் ஓடியாடி விளையாடும் என்பதால் வீட்டில் காரணம் சொல்ல ஆளுக்கொரு வழி இருக்கும்: பல் முளைக்குது, கண் பட்டுடுச்சு, சளி உடம்பு. டாக்டர்கள் மாறுவார்கள், ஆன்டிபயாடிக் மாறும். ஒவ்வொரு நிமோனியாவும் நுரையீரலில் ஒரு தழும்பை விட்டுவிட்டுப் போகும். சரியான பெயர் தெரியும்போது மூச்சுக்குழாய்கள் விரிந்து, திரும்ப முடியாத நிலைக்குப் போயிருக்கும். நோயைவிட எனக்கு ஆத்திரமூட்டுவது இந்தத் தாமதம்தான்.

ஏனென்றால் தடயங்கள் கண்முன்னே இருக்கின்றன. வாயைத் திறக்கச் சொல்லி டார்ச் அடித்தாலே முதல் தடயம் தெரியும். டான்சில் என்பது பெரும்பாலும் பி செல்களின் குவியல். இந்தப் பையன்களின் தொண்டையில் அது இருக்காது, அல்லது கடுகளவே இருக்கும். இத்தனை முறை தொற்று வந்தும் கழுத்தில் நெறியே கட்டியிருக்காது. இரண்டாவது தடயம், பெற்றோர் கையில் இருக்கும் ஃபைலுக்குள். கல்லீரல் செயல்பாட்டுக்காக எடுத்த சாதாரண ரத்தப் பரிசோதனைத் தாளில் மொத்தப் புரதம், ஆல்புமின் ஆகியவற்றுக்குக் கீழே குளோபுலின் என்று ஒரு வரி இருக்கும். அடிக்கடி சீக்காகும் பிள்ளைக்கு அந்த எண் உயர்ந்திருக்க வேண்டும். தாழ்ந்து கிடந்தால் உடனே ஐ.ஜி.ஜி., ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம். என்ற மூன்று வகை ஆன்டிபாடிகளையும் அளக்க வேண்டும். பெரிய பரிசோதனைக் கூடங்களில் சாதாரணமாகச் செய்யும் டெஸ்ட்தான் இது. எழுதிக்கொடுக்க வேண்டும் என்று தோன்றுவதுதான் நடப்பதில்லை.

மூன்றாவது தடயம் அம்மாவின் பிறந்த வீட்டில் இருக்கிறது. எக்ஸ் குரோமோசோமில் பழுது என்பதால் பெண்கள் சுமப்பார்கள், ஆண் பிள்ளைகள் படுவார்கள். குழந்தையின் தாய்மாமன் யாராவது சின்ன வயதில் 'சளி முத்தி' இறந்தாரா, பெரியம்மா, சித்தி வழியில் ஆண் குழந்தை தவறியிருக்கிறதா என்று கேட்டாலே பாதி நோய் வெளியே வந்துவிடும். கேட்பதில் ஒரு நிதானம் வேண்டும். இப்படிப்பட்ட வீடுகளில் பழி முழுக்க மருமகள் தலையில் விழும் என்பது நமக்குத் தெரியாததல்ல. பழுது அந்தக் குழந்தையிடமே புதிதாகத் தோன்றியதாகவும் இருக்கலாம். குடும்பத்தில் வேறு யாருக்கும் நோய் இல்லாத பிள்ளைகள் நிறையப் பேர். சுமப்பவள் என்றே தெரிந்தாலும் அது அவள் செய்த குற்றம் அல்ல. அடுத்த ஆண் குழந்தைக்கு நோய் வர வாய்ப்பு இரண்டில் ஒன்று. முன்கூட்டித் தெரிந்தால் பிறந்த வாரத்திலேயே சோதித்து, ஒரு நிமோனியாகூட வராமல் வளர்த்துவிடலாம்.

சொந்தத்தில் கட்டியதால் வந்ததா என்ற கேள்வி நம் ஊரில் கட்டாயம் வரும். பி.டி.கே. பழுதுக்கும் உறவுத் திருமணத்துக்கும் சம்பந்தம் இல்லை. ராக் மரபணுப் பழுது வேறு கதை. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியும் கெட்டால்தான் அது வரும். மாமன் மகள், அத்தை மகன், அக்காள் மகள் என்று கட்டும்போது ஒரே தாத்தாவின் பழுதான பிரதி இரு பக்கமிருந்தும் வந்து சேரும் வாய்ப்பு கூடுகிறது. 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் உறவுக்குள் திருமணம் செய்தவர்கள் நான்கில் ஒருவருக்கும் மேல். ராக் கெட்டால் பி செல் மட்டுமல்ல, நோயெதிர்ப்பின் இன்னொரு படையான டி செல்லும் உருவாகாது. வெட்டி ஒட்டும் வேலை இரண்டுக்கும் பொது. அந்தக் குழந்தைகள் மஜ்ஜை மாற்று சிகிச்சை கிடைக்காவிட்டால் பெரும்பாலும் முதல் ஓரிரு ஆண்டுகளைத் தாண்டுவதில்லை.

---
இப்படி இருந்தால் டாக்டரிடம் கேளுங்கள்

ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா. வருடத்தில் நான்கு முறையோ அதற்கு மேலோ காது சீழ். இரண்டு மாதம் ஆன்டிபயாடிக் கொடுத்தும் பலனில்லை. ஊசி வழி ஆன்டிபயாடிக் இல்லாமல் தொற்று அடங்குவதில்லை. தோலிலோ உறுப்பிலோ ஆழமான சீழ்க்கட்டி திரும்பத் திரும்ப வருகிறது. ஒரு வயதுக்குப் பிறகும் வாயில் வெள்ளைப் படலம் போவதில்லை. எடை ஏறவில்லை. குடும்பத்தில் ஏற்கெனவே இப்படி ஒரு குழந்தை இறந்திருக்கிறது. இவற்றில் இரண்டு பொருந்தினாலே, "ஐ.ஜி. அளவு பார்க்கலாமா?" என்று கேட்பதில் தவறில்லை.

---

பிறந்ததும் நம் நாட்டில் பி.சி.ஜி. ஊசியும் போலியோ சொட்டும் கொடுக்கிறோம். இரண்டிலும் இருப்பது வலு குறைத்த உயிருள்ள கிருமி. கோடிக்கணக்கான பிள்ளைகளைக் காத்தவை இவை. யாரும் இதைப் படித்துவிட்டுத் தயங்கக் கூடாது. ஆனால் ராக் பழுதுள்ள குழந்தைக்கு பி.சி.ஜி. கிருமியே உடல் முழுக்கப் பரவக்கூடும். ஆன்டிபாடி இல்லாத குழந்தையின் குடலில் சொட்டு மருந்தின் வைரஸ் மாதக்கணக்கில் வாழும். அரிதாகப் பக்கவாதத்தையே உண்டாக்கும். பிரிட்டனில் நோயெதிர்ப்புக் குறைபாடுள்ள ஒருவர் 28 ஆண்டுகள் போலியோ வைரஸை வெளியேற்றிக்கொண்டிருந்ததை 2015-ல் பதிவு செய்தார்கள். உலகிலிருந்து போலியோவைத் துடைத்தெறிய நினைக்கும் எந்த நாட்டுக்கும் இந்தச் சில பிள்ளைகளைக் கண்டுபிடிப்பது கருணைக் காரியம் மட்டுமல்ல. குடும்பத்தில் முன்பே ஒரு குழந்தை இப்படித் தவறியிருந்தால், உயிருள்ள கிருமி கொண்ட தடுப்பு மருந்தைக் கொடுப்பதற்கு முன் டாக்டரிடம் அதைச் சொல்லிவிட வேண்டும். அமெரிக்காவில் 2008-ல் விஸ்கான்சின் மாநிலம் ஆரம்பித்து, 2018-க்குள் 50 மாநிலங்களிலும் பிறந்த குழந்தையின் குதிகால் ரத்தச் சொட்டிலேயே டி செல் இல்லாத குறையைத் தேடுகிறார்கள். இங்கே அப்படித் தேசிய அளவில் திட்டம் இல்லை.

ஆன்டிபாடி மட்டும் இல்லாத பிள்ளைகளுக்கு வைத்தியம் புரூட்டன் காட்டிய அதே வழிதான்: ஆயிரக்கணக்கான கொடையாளர்களின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த இம்யூனோகுளோபுலின். கிலோவுக்கு 400 முதல் 600 மில்லிகிராம், மூன்று நான்கு வாரத்துக்கொரு முறை, ஆயுள் முழுக்க. 20 கிலோ பிள்ளைக்கு ஒரு வேளைக்கு 8 கிராமிலிருந்து 12 கிராம். அவன் 60 கிலோ இளைஞனாகும்போது அதே மருந்து மூன்று மடங்கு. 2021-ல் வந்த தேசிய அரிய நோய்க் கொள்கையின் பட்டியலில் இந்த நோயும் இருக்கிறது. 2022-ல் உதவி வரம்பை 50 லட்சம் ரூபாயாக உயர்த்தினார்கள். நல்லதுதான். ஆனால் ஒரு முறை செய்து முடியும் மஜ்ஜை மாற்று சிகிச்சைக்கும், வளர வளர அளவு கூடிக்கொண்டே போகும் வாழ்நாள் மருந்துக்கும் ஒரே வரம்பு எப்படிப் பொருந்தும்? கொள்கை எழுதியவர்கள் ஒரு குழந்தையின் எடை அட்டவணையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

மருந்தே வேண்டாம், மரபணுவையே சரிசெய்யலாம் என்ற இடத்துக்கும் சிலர் போயிருக்கிறார்கள். அமெரிக்கப் பூர்வகுடிகளான நவஹோ மக்களிடையே, ஏறத்தாழ 2,000 பிறப்பில் ஒரு குழந்தைக்கு ஆர்டெமிஸ் என்ற புரதம் கெட்டிருக்கிறது. ராக் வெட்டியதும் டி.என்.ஏ. முனைகள் வளைந்து மூடிக்கொள்ளும். அவற்றைத் திறந்து ஒட்டத் தயார் செய்வது ஆர்டெமிஸ். 1860-களில் ராணுவம் அவர்களைச் சொந்த மண்ணிலிருந்து விரட்டி, நடக்கவிட்டே சாகடித்தது. மிஞ்சிய சிறு கூட்டத்தில் இருந்த பழுது தலைமுறைகளில் பெருகியது என்று கருதுகிறார்கள். சான் பிரான்சிஸ்கோ டாக்டர்கள், இந்தக் குறையோடு பிறந்த 10 கைக்குழந்தைகளின் மஜ்ஜைச் செல்களை எடுத்து, நல்ல மரபணுவை ஏற்றி, திரும்பச் செலுத்தினார்கள். 2022 டிசம்பரில் முடிவு வெளியானபோது பத்துப் பேரும் உயிரோடு இருந்தார்கள்.

வெட்டு தவறினால்...

டி.என்.ஏ.வை வெட்டும் வேலை ஆபத்தில்லாததல்ல. வெட்டிய முனை தன் ஜோடியை விட்டுவிட்டு வேறு குரோமோசோமின் முனையோடு ஒட்டிக்கொண்டால்?

1957-ல் உகாண்டா தலைநகர் கம்பாலாவின் முலாகோ மருத்துவமனையில், அயர்லாந்துக்கார அறுவை மருத்துவர் டெனிஸ் புர்கிட்டிடம் ஒரு சிறுவனைக் காட்டினார்கள். மேல்தாடை, கீழ்த்தாடை இரண்டிலும் இரு பக்கமும் வீக்கம். பற்கள் ஆடின. சில வாரங்களில் ஜின்ஜா நகர மருத்துவமனையின் ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தவர், வெளியே தாயோடு உட்கார்ந்திருந்த இன்னொரு குழந்தையின் முகத்தில் அதே வீக்கத்தைக் கண்டார். ஒன்று அதிசயம், இரண்டு வந்தால் நோய். 1961-ல் இரண்டு டாக்டர் நண்பர்களோடு ஒரு பழைய ஸ்டேஷன் வேகனில் ஏறி, கிழக்கு ஆப்பிரிக்கா நெடுகச் சுமார் 16,000 கிலோமீட்டர் போய் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக விசாரித்தார். மழையும் வெப்பமும் மலேரியாவும் இருக்கும் இடத்தில் இந்தப் புற்றுநோய் இருந்தது. குளிரான மேட்டு நிலத்தில் இல்லை. 1964-ல் கட்டியின் செல்களில் ஒரு வைரஸைக் கண்டார்கள்: எப்ஸ்டீன்-பார்.

1982-ல் அடித்தளம் தெரிந்தது. 8-வது குரோமோசோமில் இருக்கும் 'மிக்' என்ற மரபணு, செல்லைப் பிரியத் தூண்டுவது. அது அறுந்து, 14-வது குரோமோசோமின் ஆன்டிபாடி மரபணுக்களின் பக்கத்தில் போய் ஒட்டியிருந்தது. பி செல்லில் ஆன்டிபாடி மரபணு ஓயாமல் இயங்கும்படி அமைந்தது. பக்கத்தில் வந்து ஒட்டிய மிக் மரபணுவும் ஓயாமல் இயங்கி, செல் கட்டுமீறிப் பெருகியது. மலேரியாவுக்கு இதில் என்ன வேலை என்பது பின்னால் விளங்கியது. தீராத மலேரியா, நெறிகளில் பி செல்களை நாள் கணக்கில்லாமல் பிழை செய்யும் கட்டத்திலேயே வைத்திருக்கிறது. ஏ.ஐ.டி. நொதி அளவு மீறி வேலை செய்து தப்பான இடத்திலும் வெட்டுகிறது. கொசு கடித்ததற்கும் தாடையில் கட்டி வந்ததற்கும் நடுவில் இருந்த கண்ணி இதுதான். தீவிர கீமோதெரபி முறையாகக் கிடைத்தால் பெரும்பாலான குழந்தைகள் இன்று பிழைக்கிறார்கள். கிடைக்காத இடங்களில் நிலைமை வேறு.

இதே 14-வது குரோமோசோமின் ஆன்டிபாடி வட்டாரத்தில், செல் சாவதைத் தடுக்கும் பி.சி.எல்.-2 என்ற மரபணு 18-லிருந்து வந்து ஒட்டினால் பெரியவர்களுக்கு வரும் ஃபாலிகுலர் லிம்போமா. மயலோமா என்ற மஜ்ஜைப் புற்றுநோயிலும் பல பேருக்கு இதே இடத்தில்தான் முறிவு. இன்னொன்றையும் சொல்ல வேண்டும்: 14-18 இடமாற்றம் ஆரோக்கியமான பெரியவர்கள் பலரின் ரத்தத்திலும் நுட்பமாகத் தேடினால் அகப்படுகிறது. அவர்களில் பெரும்பாலோருக்குப் புற்றுநோய் வருவதே இல்லை. ஒரு பிழை போதாது. மேலும் சில சேர வேண்டும்.

நாள்பட்ட லிம்போசைட் ரத்தப் புற்றுநோய் வந்தவருக்கு இந்த மரபணு எழுத்துகள் நேரடியாகவே தலையெழுத்தைச் சொல்லும். புற்றுச் செல்லின் ஆன்டிபாடி மரபணு நெறிக்குள் போய்ப் பிழை சேர்த்துக்கொண்டதா, இல்லையா என்று பார்ப்பார்கள். 1999-ல் இங்கிலாந்தின் போர்ன்மத்தில் டெரன்ஸ் ஹாம்ப்ளின் குழு கணக்கிட்டபோது, ஆரம்ப நிலையில் கண்டறியப்பட்டவர்களில் பிழை சேராத வகைக்கு இடைநிலை ஆயுள் 95 மாதம்; சேர்ந்த வகைக்கு 293 மாதம். ஒரே பெயருள்ள நோய், ஒரே நிலை. வித்தியாசம் ஏறத்தாழ பதினாறு ஆண்டு. இந்தப் பரிசோதனை இன்று இந்தியாவிலும் செய்யப்படுகிறது. எந்த மருந்தில் ஆரம்பிப்பது என்பதே அதை வைத்து மாறலாம்.

அந்த மருந்துகளில் ஒன்று இப்ரூடினிப். 2013-ல் அமெரிக்காவில் முதல் அனுமதி பெற்றது. அது முடக்குவது பி.டி.கே.வை. பி செல் வளர பி.டி.கே. கட்டாயம் வேண்டும் என்பதை, அது இல்லாமல் பிறந்து அவதிப்பட்ட பையன்களிடமிருந்துதான் மருத்துவம் கற்றுக்கொண்டது. அவர்களிடம் இல்லாத அதே புரதத்தை, கட்டுமீறிப் பெருகும் பி செல்லில் வேண்டுமென்றே அடைக்கிறார்கள். அரிய நோய்க்குப் பணம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு நான் காட்டும் உதாரணம் இது.

யாருடைய துண்டுகள், யாருக்கான ஊசி?

இதுவரை சொன்னது வெட்டுவது, ஒட்டுவது பற்றி. வெட்டுவதற்கு முன் கையில் இருக்கும் துண்டுகளே ஆளுக்கு ஆள் வேறு என்பது இப்போது பெரிய விஷயமாகிவருகிறது.

எச்.ஐ.வி.க்கான ஒரு புதுவகைத் தடுப்பூசியை அமெரிக்காவில் 36 பேருக்குப் போட்டார்கள். குறிப்பிட்ட ஒரே ஒரு வி துண்டால் ஆன பி செல்களைத் தேடிப்பிடித்துத் தட்டியெழுப்புவதுதான் அதன் உத்தி. 2022-ல் முடிவு வந்தது: 36-ல் 35 பேரிடம் எதிர்பார்த்த பி செல்கள் எழும்பின. குறைந்த டோஸ், அதிக டோஸ் என்று இரு பிரிவு இருந்தது. அதிக டோஸ் பிரிவில் அந்தச் செல்கள் அதிகம். டோஸ் கூடினால் பலன் கூடுகிறது என்றுதான் யாருக்கும் தோன்றும். பிறகு ஒவ்வொருவரின் மரபணுவையும் படித்துப் பார்த்தார்கள். வித்தியாசத்துக்கு டோஸைவிடப் பொருத்தமான காரணம், அந்த வி துண்டின் எந்த வடிவத்தோடு ஒருவர் பிறந்தார் என்பதுதான். இது பார்க்கப்படாமல் போயிருந்தால், தவறான பாடத்தோடு அடுத்த கட்ட சோதனைக்குப் போயிருப்பார்கள்.

நம் பக்கத்துக்கு நெருக்கமான இன்னொன்று, ருமாட்டிக் இதய நோய். பள்ளிக்கூடப் பிள்ளைக்குத் தொண்டை வலி வந்து போகும். கிருமிக்கு எதிராக எழும்பிய எதிர்ப்பு, இதய வால்வையே தாக்கும். மூன்று வாரத்துக்கொரு பென்சிலின் ஊசியோடு வருடக்கணக்கில் அலையும் பிள்ளைகள் நம் அரசு மருத்துவமனைகளில் இன்றும் உண்டு. ஓசியானியாவின் 8 நாடுகளில் 2,852 பேரை வைத்து 2017-ல் வெளியான ஆய்வு, கனச் சங்கிலியின் வி துண்டுகளில் ஒன்றைச் சுட்டிக்காட்டியது. அதன் ஒரு வடிவம் ஒரு பிரதி இருந்தாலே நோய் அபாயம் 1.4 மடங்கு. அந்த ஆய்வில் மெலனீசிய, பாலினீசிய மக்களோடு தென்னாசிய வம்சாவளியினரும் இருந்தார்கள். அதே துண்டை நம் ஊர்ப் பிள்ளைகளிடம் பெரிய அளவில் தேடிப் பார்க்க வேண்டாமா?

தேடுவதில் ஒரு சிக்கல். இந்த வட்டாரம் குரோமோசோமில் படிக்கவே கடினமான இடம். ஒன்றுபோலவே இருக்கும் துண்டுகள் அடுத்தடுத்துக் கிடப்பதால், டி.என்.ஏ.வைச் சின்னச் சின்னதாக நறுக்கிப் படிக்கும் வழக்கமான முறை இங்கே குழம்பிப்போகும். உலகத் தரவுகளில் ஐரோப்பிய வம்சாவளியினரே அதிகம் என்பது பழைய குறை. அதைப் போக்கத்தான் '1000 ஜீனோம்ஸ்' திட்டத்தில் 26 மக்கள் பிரிவுகளைச் சேர்த்தார்கள். அதில் பிரிட்டனில் வாழும் இலங்கைத் தமிழர்கள் சுமார் நூறு பேரும் உண்டு. தமிழ் வம்சாவளியின் மரபணுவைப் பற்றி உலகம் முழுக்கப் பல ஆய்வுகள் எடுத்துப் பார்ப்பது அவர்களின் தரவைத்தான். ஆனால் அந்த டி.என்.ஏ. பெரும்பாலும் எடுக்கப்பட்டது, ரத்தத்தின் பி செல்களை எப்ஸ்டீன்-பார் வைரஸால் சாகாத செல்களாக்கி ஆய்வகத்தில் வளர்த்த வரிசைகளிலிருந்து. பி செல் என்றால் ஏற்கெனவே வெட்டி ஒட்டிவிட்ட செல். மற்ற மரபணுக்களுக்கு அதனால் பாதகமில்லை. ஆன்டிபாடி மரபணுக்களின் வரிசையிலோ நடுவில் இருந்த துண்டுகள் வெட்டோடு தொலைந்திருக்கும். அதாவது நமக்கு எது வேண்டுமோ அதே இடத்தில் தாள் கிழிந்திருக்கிறது.

இந்தியாவில் இதற்கு மாற்று கையில் இருக்கிறது. 'ஜீனோம் இந்தியா' திட்டம் 83 மக்கள் குழுக்களிலிருந்து சுமார் 10,000 பேரின் மரபணுத் தொகுப்பைப் படித்து, 2025 ஜனவரியில் ஆய்வாளர்களுக்குத் திறந்துவிட்டது. அந்தத் தொகுப்பு ஃபரிதாபாதில் உள்ள தரவு மையத்தில் இருக்கிறது. நேரடியாக ரத்தத்திலிருந்து எடுத்த டி.என்.ஏ. என்பதால் ஆன்டிபாடி வரிசையின் பெரும்பகுதி வெட்டப்படாமலே இருக்கும். நறுக்கிப் படித்ததுதான் குறை. அந்த மாதிரிகளில் சில நூறையாவது நீளமாகப் படிக்கும் புதிய முறையில் மறுபடி எடுத்து, 2, 14, 22 ஆகிய மூன்று குரோமோசோம்களின் ஆன்டிபாடி வட்டாரங்களை மட்டும் தனியாக வரைந்தால் போதும். அடுத்து ஒரு தடுப்பூசி இந்தியாவில் சோதனைக்கு வரும்போது, பலன் குறைந்தவர்களிடம் எந்தத் துண்டு இல்லை என்று கேட்க முடியும். வால்வு கெட்டு வரும் பிள்ளைகளின் ரத்தத்தை எதோடு ஒப்பிடுவது என்ற கேள்விக்கும் அங்கே பதில் இருக்கும்.